அப்பாவின் வயலினில் கௌஃப்மன்: இரண்டு நிமிடத்துக்கு நான்கு மாதம்

போன ஞாயிறு சாயங்காலம் வால்டர் கௌஃப்மன் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய இரண்டாம் சொனாட்டாவிலிருந்து ஏறக்குறைய இரண்டு நிமிடத்தை நடுவில் நிற்காமல் வாசித்து முடித்தோம். நான் வயலின், பக்கத்துத் தெரு சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் அண்ணன் கீபோர்டு. அவர் மூன்று இடத்தில் தவறினார். நான் எத்தனை இடத்தில் என்று எண்ணவில்லை. இந்த இரண்டு நிமிடத்துக்கு நான்கு மாதம் ஆகியிருக்கிறது. இடையில் ஒரு தந்தி அறுந்தது, வயலினுக்குள் ஒரு குச்சி விழுந்தது, தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு, அதாவது குதிரை, ஒன்று பாழானது. மறந்துபோகும் முன் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கௌஃப்மன் யார் என்று கேட்டால், அவர் இசையை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். ஆகாசவாணியில் காலை ஒலிபரப்பு தொடங்குமுன் தம்பூராவின் மேல் வயலின் எழுந்து வருமே, அந்த முகப்பு இசை அவருடையது. வேறு பெயர்களைச் சொல்பவர்களும் உண்டு, ஆனால் பெரும்பாலோர் சொல்வது இவரைத்தான். வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா, இசைக்குழு நடத்துநர் சூபின் மேத்தாவின் அப்பா. எங்கள் திருச்சி நிலையம் 1939-இல் தொடங்கியது. அந்தக் காலத்திலிருந்து இந்த ஊர்க் காதில் விழுந்துகொண்டிருக்கிற சிவரஞ்சனி ராக மெட்டு, கார்ல்ஸ்பாட்டில் 1907-இல் பிறந்த ஒரு யூதர் போட்டது என்பது எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

பெர்லினில் படித்தவர். ப்ராக்கில் முனைவர் பட்டம் கைக்கு எட்டும் நேரத்தில், தன் ஆய்வு வழிகாட்டி நாஜிப் பக்கம் என்று தெரிந்ததும் பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். 1934-இல் பம்பாய்க்கு வந்தார். விசா சுலபமாகக் கிடைத்தது என்பதைத்தான் பின்னால் காரணமாகச் சொன்னார். அவர் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் காஃப்காவின் தங்கை மகள். காஃப்காவின் தங்கைகள் மூன்று பேரும் நாஜிகளின் கையில் மாண்டவர்கள். அதை நினைத்தால்தான் அந்த விசாவின் மதிப்பு தெரியும்.

பம்பாயில் ஒரு சேம்பர் இசை (சிறு குழு இசை) சங்கம் தொடங்கி, வாரா வாரம் வியாழக்கிழமை வில்லிங்டன் ஜிம்கானாவில் வாசித்தார்கள். மேத்தா வயலின், வெர்கா செல்லோ, கௌஃப்மன் பியானோ. வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவுக்கும் அவரே பொறுப்பாக இருந்தார். 1946-இல் லண்டன், பிறகு கனடா, கடைசியாக அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகம். 1984-இல் இறந்தார். தென்னிந்திய ராகங்களை மேளகர்த்தா (தாய் ராக) வரிசையில் அடுக்கி 1976-இல் ஒரு தடித்த புத்தகம் போட்டார். ராக ஆராய்ச்சியாளர் என்ற பெயர் நின்றது. நாலைந்து பேர் உட்கார்ந்து வாசிக்க அவர் எழுதியவை கையெழுத்துப் பிரதியாக நூலகத்தில் கிடந்தன. டொரொன்டோவின் ஏஆர்சி குழு 2020-இல் அவற்றில் சிலவற்றை எடுத்து ஒரு ஆல்பம் வெளியிட்டது. சுமார் ₹900 கொடுத்து இறக்கிக் கேட்டேன். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

அப்பாவின் வயலின் பதினைந்து வருடமாகப் பெட்டியில் இருந்தது. பஜனை மடத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர், தோள்பட்டை இறுகிப்போனதும் நிறுத்திவிட்டார். நானும் அவரிடம்தான் கற்றேன், வர்ணம் தாண்டி நாலைந்து கீர்த்தனை வரை. வயலின் 2 கட்டைச் சுருதிக்குச் சேர்த்தது. ச ப ச ப. மேற்கத்திய முறையில் சொன்னால் கீழிருந்து டி, ஏ, டி, ஏ. கௌஃப்மனுக்கு வேண்டியது ஜி, டி, ஏ, ஈ. தந்தியை முறுக்கும் பிரடையைத் திருப்பினால் ஏறிவிடும் என்று நினைத்தேன்.

ஏறியது. மேல் தந்தி 440 ஹெர்ட்ஸில் இருந்தது. அதை 659-க்குக் கொண்டுபோக வேண்டும். 600-ஐத் தாண்டும்போது பட்டென்று அறுந்து புறங்கையில் சுரீரென்று அடித்தது. கணக்கை அப்புறம்தான் போட்டுப் பார்த்தேன். அதே தந்தியில் சுருதி ஒன்றரை மடங்கு ஏறினால் இழுவிசை இரண்டேகால் மடங்கு ஏறும். அப்பா போட்டிருந்ததோ தாழ்ந்த சுருதிக்காகவே வாங்கிய பருமனான தந்தி. அது அறுந்ததே நல்லது. அறாமல் இருந்தால் வயலினின் மேல்பலகை அந்தப் பாரத்தைத் தாங்கியிருக்குமா என்று சந்தேகம்.

புதுத் தந்தி ஒரு செட் ₹1,650. கூரியரில் வந்த அன்றைக்கே அடுத்த தப்பைச் செய்தேன். பழைய தந்தி மூன்றையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டேன். குதிரை சாய்ந்தது, அது எதிர்பார்த்ததுதான். வயலினைத் தூக்கியபோது உள்ளே ‘கடகட’ என்று ஒரு சத்தம். சவுண்ட் போஸ்ட் விழுந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: வயலினுக்குள் மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே 6 மி.மீ. பருமனில் ஒரு மரக்குச்சி நிற்கும். பசை கிடையாது. தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. தந்தியை ஒவ்வொன்றாக மாற்றினால் நிற்கும், எல்லாவற்றையும் அவிழ்த்தால் விழும். அப்பாவிடம் போய்ச் சொன்னபோது, “ஒண்ணு ஒண்ணா மாத்தணும்னு உனக்குச் சொல்லித் தரலையா?” என்று கேட்டார். சொல்லித் தந்திருக்கிறார்தான்.

கடையில் விசாரித்தேன். இரண்டு வாரமும் ₹2,000-மும் கேட்டார்கள். வீம்பில் நானே செய்வது என்று முடிவு செய்தேன். எஸ் வடிவத்தில் வளைந்த ஒரு இரும்புக் கருவி ₹280, பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி குட்டிக் கண்ணாடி ₹60. டார்ச்சுக்கு மொபைல். குச்சியை வெளியே எடுக்கும் முன், கைப்பிடி அரிசியை உள்ளே போட்டு வயலினைக் குலுக்கிக் கொட்டினேன். பழைய வாத்தியக்காரர்கள் செய்கிற வேலை இது. உள்ளே உருண்ட தூசியெல்லாம் அரிசியோடு வந்துவிடும். வந்த தூசி ஒரு எலுமிச்சம்பழம் அளவு இருந்தது.

பிறகு மூன்று ராத்திரி. குச்சியின் பக்கவாட்டில் கருவியின் கூர் முனையை லேசாகக் குத்தி, மேல்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளை வழியாக உள்ளே விட்டு, நிமிர்த்தி நிறுத்த வேண்டும். நிற்கும் இடம் மெல்லிய தந்திப் பக்கத்துக் குதிரைக் காலுக்குப் பின்னால் 3 மி.மீ. முதல் ராத்திரி குச்சி முப்பது தடவையாவது விழுந்திருக்கும். இரண்டாம் ராத்திரி நின்றது, ஆனால் சாய்ந்து நின்றது. கண்ணாடியை விட்டுப் பார்த்தால் மேல்முனையில் ஒரு பக்கம் மட்டும்தான் பலகையைத் தொடுகிறது. அப்புறம்தான் உறைத்தது. குச்சியின் இரண்டு முனையும் பலகைகளின் வளைவுக்கேற்பச் சரிவாக வெட்டப்பட்டவை. நான் தலைகீழாக வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ராத்திரி திருப்பி வைத்தேன், நாற்பது நிமிடத்தில் நின்றுவிட்டது. இதைச் செய்யப்போகிறவர்கள் குச்சியை எடுத்ததும் முதல் வேலையாக மேல்முனையில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு ராத்திரி மிச்சம்.

குதிரையும் மாற வேண்டியிருந்தது. அப்பாவின் குதிரையில் தந்தி அறுத்த பள்ளங்கள் ஆழமாகி, மேல்வளைவு தட்டையாகிவிட்டிருந்தது. நடுத்தந்தியில் வில் போட்டால் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து கத்தியது. சீவாத குதிரை ஒன்று ₹240. இரண்டு வாங்கினேன், நல்லவேளை. கால்களை மேல்பலகையின் வளைவுக்குப் பொருத்த, 120 நம்பர் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி பலகையில் விரித்து, அதன்மேல் குதிரையை முன்னும் பின்னும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். அது சுலபம். உயரம்தான் சிக்கல். விரல்பலகையின் முனையில் ஜி தந்தி 5.5 மி.மீ. உயரத்திலும் ஈ தந்தி 3.5 மி.மீ. உயரத்திலும் இருக்க வேண்டும். முதல் குதிரையில் உற்சாகத்தில் சீவித் தள்ளி ஈ தந்தியை 2.5-க்கு இறக்கிவிட்டேன். விரலை வைத்தாலே கொர்ரென்றது. சீவின மரத்தை ஒட்ட முடியாதே, அது குப்பைக்குப் போயிற்று. இரண்டாவதில் ஒவ்வொரு அரை மி.மீ.க்கும் நிறுத்தி, தந்தி மாட்டி, அளந்து, மறுபடி கழற்றி. ஒரு முழு ஞாயிறு போயிற்று. கழற்றியது ஒவ்வொரு தந்தியாக என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிரடைகள் வழுக்கியதற்குச் சாக்பீஸ் பொடி போதுமாக இருந்தது. சுருதி சேர்த்தேன். ரெண்டு நாள் அண்ணனின் கீபோர்டோடு ஒத்தே போகவில்லை. தந்தி இன்னும் இழுபடுகிறது என்று நினைத்தோம். மொபைலில் சுருதி பார்க்கும் ட்யூனர், ஏ ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 432-இல் நின்றிருந்தது. எந்தப் புண்ணியவான் மாற்றினானோ. 440-க்குக் கொண்டுவந்ததும் சரியாயிற்று.

இனி இசை. அச்சுப் பிரதி எதுவும் கையில் இல்லை, காதால் எழுதுவது என்று தீர்மானம். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் பாதி வேகத்துக்குக் குறைத்து, ஐந்து ஐந்து விநாடியாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சுற்றிச் சுற்றி ஓட விட்டேன். இரண்டு நிமிடத்துக்கு இருபத்துநாலு துண்டு. ஒரு துண்டுக்கு இருபது நிமிடம் பிடித்தது. பியானோ வேகமாக ஓடும் இடங்களில் ஒரு மணி நேரம்.

முதலில் எனக்குத் தெரிந்த வழியில், ஸ்வரமாகவே எழுதினேன். ஒன்றரைப் பக்கம் போனதும் ச எங்கே என்று தெரியவில்லை. ஆதாரமே நகர்கிறது. ஆதி தாளத்தில் அடக்கப் பார்த்தேன், எட்டாவது எண்ணிக்கைக்கு வாக்கியம் வந்து நிற்கவில்லை. நாலு நாள் வேலையைக் கிழித்துப் போட்டேன். கௌஃப்மனே முதலில் இந்திய இசைத்தட்டுகளைக் கேட்டபோது ஒன்றும் பிடிபடாமல் திகைத்தவர்தான். இத்தனை பேர் ரசிக்கும் இசை எனக்குப் புரியவில்லை என்றால் குறை என்னிடம் இருக்க வேண்டும், அது பிறந்த ஊருக்கே போய்ப் படிக்கலாம் என்று முடிவெடுத்தார். எனக்கு ப்ராக்குக்குப் போக வசதியில்லை. பக்கத்துத் தெரு சர்ச்சுக்குப் போனேன்.

அண்ணன் ஐந்து கோடு போட்ட நோட்டில் எழுதக் கற்றுத் தந்தார். மூன்று வாரம், ராத்திரி ஒன்பதிலிருந்து பத்து வரை. “ச வைத் தேடாதீங்க தம்பி, இதுக்கு அடுத்தது எவ்வளவு தூரம்னு மட்டும் பாருங்க” என்றார். அது கைகொடுத்தது. எழுதியதை மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் ஏற்றிப் போட்டுக் கேட்டு, தவறுகளைத் திருத்தினோம். பியானோவின் இடது கையில் பாதி அண்ணனின் ஊகம். அதை மறைக்க விரும்பவில்லை. நாங்கள் வாசித்தது கௌஃப்மன் எழுதியதற்குப் பக்கத்தில் வருகிற ஒன்று, அவ்வளவுதான்.

எங்கள் தாளையோ ஒலிப்பதிவையோ அனுப்பச் சொல்லி எழுதாதீர்கள். இந்தியச் சட்டப்படி ஒருவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. இவருக்கு 2044 முடியும் வரை. ஆகவே அது எங்கள் வீட்டு மேசையிலேயே இருக்கும்.

விரல்கள் தனிக்கதை. ச ப ச ப-வில் இரண்டாம் தந்திக்கும் மூன்றாம் தந்திக்கும் இடையே இருப்பது ப-விலிருந்து மேல் ச வரை உள்ள தூரம். புதுச் சுருதியில் அங்கேயும் ச-விலிருந்து ப வரை உள்ள தூரம். ஒரு ஸ்வரம் கூடுதல். கீழ்த் தந்திகளில் சரியாகப் போகும் விரல், மூன்றாம் தந்திக்குத் தாவினதும் ஒரு வீடு தள்ளி விழுந்தது. இருபத்தைந்து வருடப் பழக்கம் ஆயிற்றே. விரல்பலகையில் மெல்லிய டேப் ஒட்டினேன். மூன்று வாரம் கழித்துப் பிய்த்தேன், அதன் பிசின் இன்னும் இருக்கிறது. உட்கார்ந்து, காலில் வயலின் தலையை ஊன்றி வாசிக்கும் முறையை மட்டும் மாற்றவில்லை. தாடையில் பிடித்து இரண்டு நாள் பார்த்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது.

கடைசிச் சிக்கல் எதிர்பாராதது. கை பழகட்டும் என்று முதலில் ஆகாசவாணி இசையை எடுத்தோம். அண்ணன் தம்பூரா செயலியைப் போட்டார், டி-யை ச-வாக வைத்துக்கொண்டோம். ச ரி க ப த, தெரிந்த ராகம், இதில் என்ன கஷ்டம்? வாசித்து முடித்ததும் அண்ணன், “நல்லா இருக்கு, ஆனா ரேடியோவில வர்ற மாதிரி இல்லியே, கச்சேரி மாதிரில்ல இருக்கு” என்றார். பதிவு செய்து கேட்டேன். காந்தாரத்தை, அதாவது க-வை, என்னை அறியாமல் அசைத்திருக்கிறேன். ரி-யிலிருந்து வழுக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன். ரேடியோவில் அந்தக் காந்தாரம் ஆடாமல் நிற்கிறது. விடியற்காலையில் ஆள் இல்லாத தெருவில் ஒருவர் நிற்பது மாதிரி. குழந்தையிலிருந்து கேட்கிற இசை, அது ஆடவில்லை என்பதைக் கவனித்ததே இல்லை.

அசைக்காமல் நிற்பது அசைப்பதைவிடக் கஷ்டம் என்று அந்த வாரம் தெரிந்தது. கமகம் (ஸ்வரத்தை அசைப்பது) இருந்தால் ஸ்வரஸ்தானத்தில் சின்னப் பிசகு மறைந்துவிடும். வெறும் ஸ்வரமாக நிறுத்தினால் எல்லாம் வெளியே தெரிகிறது. ட்யூனரை வைத்து அளந்தேன். என் காந்தாரம் கீபோர்டைவிடப் பத்துப் பன்னிரண்டு சென்ட் (அடுத்த ஸ்வரஸ்தானத்துக்கு உள்ள தூரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறி நின்றது. தம்பூராவோடு அது இனிமை, கீபோர்டோடு சேர்ந்தால் உறுத்தல். ஆகாசவாணி இசைக்கு என் காந்தாரத்தையே வைத்துக்கொண்டேன். சொனாட்டாவில் மட்டும் கீபோர்டுக்கு இறங்கினேன். சொனாட்டாவிலும் முதல் பத்து நாள் வாக்கியம் முடியும் இடமெல்லாம் ஒரு ஜாருவை (வழுக்கிச் செல்வதை) சேர்த்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணன் ஒவ்வொரு தடவையும் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். பேசமாட்டார். அந்தப் பார்வையில்தான் ஜாரு போயிற்று.

செலவு: தந்தி ₹1,650, ஆல்பம் ₹900, இரண்டு குதிரை ₹480, கருவி ₹280, வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் ₹150, கண்ணாடி ₹60, உப்புத்தாள் ₹40. ஆக ₹3,560. அண்ணன் வீட்டில் குடித்த காபியைச் சேர்க்கவில்லை. கடையில் கொடுத்திருந்தால் குதிரையும் குச்சியும் ₹2,000-இல் முடிந்திருக்கும். நான் செய்ததில் ₹860 ஆனது. மிச்சப்பட்ட பணத்துக்கு மூன்று ராத்திரி, ஒரு ஞாயிறு. லாபமா நஷ்டமா என்று வீட்டில் கேட்கவில்லை.

அடுத்த தடவை முதல் வேலையாக இந்தியானா பல்கலைக்கழக இசை நூலகத்துக்குக் கடிதம் எழுதுவேன். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் அங்கே இருக்கின்றன. காதால் எழுதியதில் கற்றது நிறையத்தான், ஆனால் ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போனதை ஊகித்துக்கொண்டிருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அதே ஆல்பத்தில் மூன்று வயலின், ஒரு வயோலா, இரண்டு செல்லோ, பியானோ என்று ஏழு பேருக்கு எழுதியது ஒன்று இருக்கிறது. அண்ணனுக்குத் தஞ்சாவூரில் செல்லோ வாசிக்கும் ஒருவரைத் தெரியுமாம். மற்ற நாலு பேருக்கு எங்கே போவது என்று இப்போதைக்கு யோசிக்கவில்லை.

ஞாயிறன்று வாசித்து முடித்ததும் அப்பா வயலினை வாங்கினார். தோள் வலியோடு மெல்ல மடியில் சாய்த்துக்கொண்டு தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்தார். மூன்றாம் தந்தியில் நின்று, “இதுல ச எங்கடா?” என்றார். பழைய தந்திகளைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அறுந்த ஒன்றுக்கு மாற்று வாங்கியாயிற்று. வரும் வாரம் அவருடைய ச ப ச ப-வுக்கே திருப்பிவிடுவேன், ஒவ்வொரு தந்தியாக. எனக்கென்று ஒரு பழைய வயலினைப் பார்த்து வைத்திருக்கிறேன், ₹4,500 சொல்கிறார்கள். எஃப் துளையில் கண்ணாடியை விட்டுக் குச்சி நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம்.